மாகாண சபைக் கதிரைகள் இன்னும் எத்தனை காலம் காலியாகக் கிடப்பது?

இந்த இதழுக்காகக் கிளைகளிலிருந்து வந்த செய்திகளை மேசையில் பரப்பி வைத்து வாசித்தோம். மாரியம்மன் கோயில் தேர், தோட்ட விளையாட்டு விழா, முன்பள்ளிப் பிள்ளைகளின் கலை நிகழ்ச்சி, புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளுக்குப் பாராட்டு, வாசிகசாலைக்குக் கதிரை மேசை. இவற்றோடு வேறு வகைச் செய்திகளும் உண்டு. லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து காம்பராக்கள் சேதம். கொழுந்து மலையில் குளவி கொட்டி பெண்கள் வைத்தியசாலையில். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் ஒரு தவணை முடிந்தும் பதில் ஆசிரியர் இல்லை.

இவற்றில் பாதிக்கு மேற்பட்ட செய்திகளில் ஒரு வரி பொதுவாக இருக்கிறது: கௌரவ உறுப்பினர் பிரதம அதிதியாகக் கலந்துகொண்டு சிறப்பித்தார். தேருக்கு வந்தார், மாலை ஏற்றார், பரிசு கொடுத்தார், மரண வீட்டுக்கு வந்தார், வைத்தியசாலைக் கட்டில் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

வருவதைக் குறை சொல்லவில்லை. துக்க வீட்டில் வந்து நின்ற மனிதரை நம் சனம் மறப்பதில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரியைத் தேடினோம். இந்த உறுப்பினர் சபையில் எதைப் பற்றிப் பேசினார், எதற்குக் கை உயர்த்தினார், நம் தோட்டத்துக்கென்று எந்தத் தலைப்பில் எவ்வளவு பணம் ஒதுக்க வைத்தார் என்ற வரி. அது ஒரு செய்தியிலும் இல்லை. கிளைச் செயலாளர்கள் எழுத மறந்ததால் வந்த குறை அல்ல இது. நம்மில் பலர் அதைக் கேட்பதையே விட்டுவிட்டோம்.

குளவிக் கொட்டையே எடுத்துக்கொள்வோம். மலையில் நிற்கும்போது குளவி கலைந்து கொட்டினால், வேலை நேரத்தில் வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தாக அதற்கு நட்டஈடு கோரலாம். உயிர் போனால் குடும்பத்தார் கோரலாம். அந்த உரிமைக்கு அடிப்படை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அது வந்த காலத்தில் அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் பெரி சுந்தரம். 1931இல் அட்டன் தொகுதியில் போட்டியின்றித் தெரிவானவர். அவர் எந்தத் தோட்டத்துத் தேருக்கு வந்தார், எத்தனை மாலை போட்டார்கள் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. தொண்ணூறு வருடத்துக்குப் பிறகும் கொழுந்துக் கூடையோடு விழுந்த ஒரு பெண்ணின் பெயரில் நாம் விண்ணப்பம் எழுதும்போது, அந்தச் சட்டத்தின் பெயரைத்தான் எழுதுகிறோம்.

1936இல் அதே அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர் கோ. நடேசய்யர். துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளியின் நிலையைப் பார்த்தவர் என்று நம் பாட்டன்மார் சொன்ன கதை அவரைப் பற்றியதுதான். பார்த்ததோடு நின்றுவிடாமல் பத்திரிகையில் எழுதினார், தொழிற்சங்கம் கட்டினார், சபையில் கேள்வி கேட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் மேடைகளில் பாடி ஆட்களைத் திரட்டினார். மலைக்கும் சபைக்கும் இடையில் நடப்பதுதான் உறுப்பினரின் வேலை என்பதை அவர்கள் காட்டிவிட்டுப் போனார்கள்.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. அப்படி மலையிலிருந்து சபைக்கு நடந்து போக வேண்டிய இடங்களில் ஒன்று இன்று பூட்டிக் கிடக்கிறது. அதுதான் மாகாண சபை.

தோட்டங்கள் அதிகமுள்ள மூன்று மாகாணங்களைப் பாருங்கள். சப்ரகமுவ மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. ஊவா சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை தேர்தல் இல்லை. மத்திய மாகாண சபைக்கு நாம் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பரில். அந்த மாதம் பிறந்த பிள்ளை இப்போது இரண்டாம் நிலைப் பாடசாலையில் படிக்கிறது. 58 உறுப்பினர்கள் அமர்ந்த சபை அது. இப்போது அந்தக் கதிரைகள் எல்லாம் காலி. மாகாணம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையிலும் அதிகாரிகளின் கையிலும் நடக்கிறது.

மாகாண சபையா, அதனால் நமக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் இந்தப் பேச்சு அடிபடுவது நமக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். பதிலை நம் லயத்திலிருந்தே சொல்லலாம்.

காலையில் பிள்ளை போகும் பாடசாலை யாருடையது? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். இன்று அவற்றில் மிகப் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். ஆசிரியரை நியமிப்பது, இடம் மாற்றுவது, கட்டடம் போடுவது எல்லாம் மாகாணக் கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன. முன்பள்ளிகளின் மேற்பார்வையும் மாகாணத்துக்குரியது. காய்ச்சல் வந்தால் நாம் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிரதேச வைத்தியசாலையும் மாகாண சுகாதாரத் திணைக்களத்தினுடையது. தோட்டச் சந்தியிலிருந்து நகரத்துக்குப் போகும் வீதிகளில் பல மாகாண வீதிகள். பிரதேச சபைகளை மேற்பார்வை செய்வதும் மாகாணம். பிள்ளை, நோயாளி, பாதை என்று அன்றாடம் நம்மைச் சுற்றி வருகிறவற்றில் பெரும்பகுதி அந்தக் காலியான மண்டபத்தோடு தொடர்புடையது.

கணித ஆசிரியர் போய்விட்ட பாடசாலையைப் பற்றிச் சொன்னோம். சபை இருந்தால் பெற்றோர் சங்கம் மாகாண உறுப்பினரிடம் போகும். அவர் சபையில் எழுந்து கல்வி அமைச்சரைக் கேட்பார். பதில் பதிவேட்டில் ஏறும். மறு மாதம் மறுபடி கேட்கலாம். இப்போது என்ன நடக்கிறது? வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம், மாகாணப் பணிப்பாளருக்குப் பிரதி, ஆளுநர் செயலகத்துக்கு இன்னொரு பிரதி. கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தால் அதுவே பெரிய காரியம். அதிகாரிகளில் நல்லவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதிகாரியை நாம் தெரிவு செய்யவில்லை. அடுத்த தேர்தலில் அவரை மாற்றவும் முடியாது. அவரிடம் போகிறவர் மனுதாரர். உறுப்பினரிடம் போகிறவர் வாக்காளர். இந்த வித்தியாசம் தெரியாத தொழிலாளி யாரும் இல்லை. துரையிடம் தனியாகப் போய்க் கேட்பதும் சங்கமாகப் போய்க் கேட்பதும் ஒன்றல்ல என்று நமக்கு நன்றாகத் தெரியும்.

2015இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களின் கதையும் நினைவுக்கு வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள்தான் அவர்கள். மாதம் 6,000 ரூபாய்ப் படியில் தொடங்கி, பின்னர் 10,000 ரூபாய் வாங்கி, பஸ் காசுக்கும் போதாமல் மலையேறிப் போய்ப் படிப்பித்தார்கள். ஆசிரியர் சேவைக்குள் தங்களை உள்வாங்கும்படி அவர்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாகாணத்துக்கு மாகாணம் அலைந்த அந்தப் பிள்ளைகளுக்காகத் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டிய சபைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கலைந்துபோனதும் அதே வருடங்களில்தான்.

கதிரை காலியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை மலையகத்தார் அளவுக்கு அறிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. 1947இல் முதலாவது பாராளுமன்றத்துக்கு இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் தெரிவானார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. அதற்குப் பிறகு 1977இல் நுவரெலியா மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவாகும்வரை, நம் வாக்கால் தெரிவான பிரதிநிதி ஒருவர்கூடப் பாராளுமன்றத்தில் இல்லை. நியமன உறுப்பினராக இருந்தது வேறு விடயம். அந்தக் காலி வருடங்களுக்குள் என்னென்ன நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். 1964 ஒப்பந்தத்தில் 975,000 பேர் பங்கு பிரிக்கப்பட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் கை மாறின. அந்தக் காணியில் மூன்று, நான்கு தலைமுறை உழைத்தவனுக்கு வீட்டு வாசல் அளவு மண்கூட எழுதித் தரப்படவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்க ஆள் இல்லை.

நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் விசேட சட்டம் வந்ததும் 1988இல்தான். மாகாண சபைகளுக்கு முதல் தேர்தல்கள் நடந்ததும் அதே வருடத்தில்தான். நாம் வாக்காளர்களாக ஆகிக்கொண்டிருந்த நேரத்தில் கட்டப்பட்ட சபை அது. நம்மவர்கள் அங்கே அமைச்சர்களாகவும் இருந்திருக்கிறார்கள். அந்தக் கதவு மூடிக் கிடப்பதை மற்றவர்களைப் போல நாமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஏன் தேர்தல் நடக்கவில்லை? காரணத்தைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், அதன் விளைவு நம் தலையில் விழாவிட்டால்.

2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. பெண்களின் பிரதிநிதித்துவத்தைக் கூட்டுவதற்கென்று கொண்டுவந்த சட்டமூலம் அது. குழு நிலையில் அதற்குள் வேறு திருத்தங்களை நுழைத்து, தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்கள். மாவட்ட விகிதாசார முறை போய், பாதிப் பேர் தொகுதி வழியாகவும் பாதிப் பேர் விகிதாசார வழியாகவும் என்று கலப்பு முறை வந்தது. தொகுதி வேண்டுமென்றால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணயக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார்! பிறகு பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டிய வேலை முடியவே இல்லை. பழைய முறையில் நடத்தலாமா என்று 2019இல் உயர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கப்பட்டது. எல்லை நிர்ணயம் முடியாமல் நடத்த முடியாது என்று பதில் வந்தது. ஆகவே பழைய முறைக்குச் சட்டம் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. பெண்களுக்கு இடம் கொடுக்கப் போகிறோம் என்று தொடங்கியது, ஆணுக்கும் இடமில்லை பெண்ணுக்கும் இடமில்லை என்று முடிந்து கிடக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பாராளுமன்றத்தில் ஒரு திருத்தச் சட்டம் போதும். எந்த முறையில் அவிழ்ப்பது என்பதில்தான் நமக்கு அக்கறை இருக்க வேண்டும். அதில் சங்கத்தின் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறோம்: பழைய மாவட்ட விகிதாசார முறையில் தேர்தலை உடனே நடத்த வேண்டும். முறையை மாற்றுவது பற்றி அதன்பின் தெரிவாகி வருகிறவர்கள் பேசட்டும்.

ஏன் பழைய முறை? நுவரெலியா மாவட்டத்தில் நாம் அடர்த்தியாக இருக்கிறோம். அங்கே தொகுதி முறையிலும் சில இடங்கள் வரலாம். ஆனால் கண்டியில், மாத்தளையில், பதுளையில், இரத்தினபுரியில், கேகாலையில் நாம் எப்படி இருக்கிறோம்? ஒரு மலைத்தொடரில் இரண்டு தோட்டம், நடுவில் கிராமம், அதற்கப்பால் இன்னொரு தோட்டம் என்று சிதறிக் கிடக்கிறோம். மாவட்டம் முழுவதையும் ஒன்றாகக் கூட்டினால் ஓர் உறுப்பினரை, சில இடங்களில் இருவரை அனுப்பும் அளவுக்கு வாக்கு இருக்கிறது. தொகுதி தொகுதியாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் நாம் சிறு பகுதி. வென்றவர் நம் வாக்கையும் வாங்கிக்கொண்டு, நம் மொழியில் ஒரு கடிதம்கூட எழுதாமல் ஐந்து வருடம் ஓட்டிவிடலாம். எந்தக் கோடு எங்கே போடப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு முழுத் தோட்டத்தின் வாக்கும் கரைந்துபோகும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் உள்ள நம் உறுப்பினர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

பழைய முறை குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. விருப்பு இலக்கத்துக்காக ஒரே பட்டியலில் நின்ற நம்மவர்கள் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறோம். ஒரே லயத்தில் இரண்டு கொடி, ஒரே குடும்பத்தில் இரண்டு இலக்கம், தேர்தல் முடிந்தும் முகம் பார்க்காத அண்ணன் தம்பி. கூரைத் தகரத்துக்கும் சாராயப் போத்தலுக்கும் போன விருப்பு வாக்குகளும் உண்டு. சபை இருந்த காலத்திலும் எல்லா உறுப்பினரும் வாய் திறந்தார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் ஐந்து வருடமும் வாகனத்தோடும் வரவேற்போடும் முடித்துக்கொண்டார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் கணக்கப்பிள்ளை நிறுவையில் ஏமாற்றினால் தராசைத் திருத்தச் சொல்வோம். தராசே வேண்டாம், கண்ணால் பார்த்து நிறை சொல்லுங்கள் என்று யாரும் கேட்கமாட்டோம்.

தேர்தல் அறிவிக்கப்பட்டால் ஆட்கள் வரிசையாக வருவார்கள். என்னென்ன வாக்குறுதியோடு வருவார்கள் என்பதும் தெரியும். அதனால் ஒன்றை இப்போதே சொல்லி வைக்கிறோம். மாகாண சபைத் தேர்தலில் நாட்சம்பளத்தை உயர்த்தித் தருகிறேன் என்று ஒருவர் மேடையில் சொன்னால், அவருக்குச் சபையின் வேலை தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார். சம்பளம் மாகாணத்தின் விடயம் அல்ல. 2021இல் 1,000 ரூபாயும், 2024இல் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் சம்பள நிர்ணய சபை வழியாகவே வந்தன. அது கொழும்பில் நடக்கும் போராட்டம். அதைச் சங்கம் நடத்தும். பெருந்தோட்ட விவசாயத்தையும் அரச காணியையும் 13ஆவது திருத்தம் மாகாணத்தின் விவசாய அதிகாரத்திலிருந்து வெளியே எடுத்து வைத்திருக்கிறது. தோட்டக் காணிகள் கம்பனிகளிடம் 2045வரை குத்தகையில் இருக்கின்றன. ஆகவே வீட்டுக்குரிய 7 பேர்ச் காணிக்கு உறுதி கேட்பதும், லயத்துக்கு முகவரி கேட்பதும், கடிதம் தோட்டக் காரியாலயத்தில் தேங்காமல் வீட்டுக்கு வர வழி கேட்பதும் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை. மகப்பேற்று விடுமுறையை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் என்றிருந்ததை எல்லாப் பிள்ளைகளுக்கும் 84 நாள் என்று மாற்றியது 2018இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். பாராளுமன்ற உறுப்பினர் மாகாணத்தைக் காட்டுவார், மாகாணம் கொழும்பைக் காட்டும், பிரதேச சபை கம்பனியைக் காட்டும்.

மாகாண உறுப்பினராக வர விரும்புகிறவரிடம் கேட்க வேண்டியவற்றில் முதலாவது ஆசிரியர். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். சாதாரண தரம்வரை கணித ஆசிரியரை முழுதாகக் கண்டிராத பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்கு எப்படிப் போகும்? போக விரும்பினாலும் அந்த வகுப்பு பெரும்பாலும் நகரத்தில்தான் இருக்கிறது. போகவர பஸ் காசு, தங்க இடம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கலைப்பிரிவோடு நின்றுகொள்கிற பிள்ளைகள் எத்தனை! நம் பிள்ளைகளிடமிருந்து வைத்தியர்களும் பொறியியலாளர்களும் குறைவாக வருவதற்கு மூளை காரணமல்ல. ஒவ்வொரு கல்வி வலயத்திலும் எத்தனை கணித, விஞ்ஞான ஆசிரிய வெற்றிடம் தமிழ்மொழிப் பாடசாலைகளில் இருக்கிறது, எந்த வருடத்தில் எத்தனையை நிரப்புவீர்கள், எங்கே உயர்தர விஞ்ஞான வகுப்புத் தொடங்குவீர்கள் என்று வேட்பாளரிடம் இலக்கத்தோடு கேட்க வேண்டும். பாடுபடுவேன் என்பது பதில் அல்ல.

அடுத்தது சுகாதாரம். நாட்டில் எல்லோருக்கும் அரசாங்க வைத்தியசாலை. நமக்கு மட்டும் முதல் வாசல் பல இடங்களில் இன்னும் தோட்டத்து டிஸ்பென்சரிதான். சில தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. மற்றவை கம்பனியின் கையில். நோயாளியை மேல் வைத்தியசாலைக்கு அனுப்ப லொறி வருமா, வராதா என்பது அன்றைக்கு யார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பிரசவ வலியோடு நிற்கிற பிள்ளைக்கு இது விளையாட்டல்ல. தோட்ட டிஸ்பென்சரிகளை மாகாண சுகாதார சேவைக்குள் கொண்டுவரும் திட்டம், தமிழ் பேசும் குடும்ப நல மருத்துவமாதுகள், அம்புலன்ஸ் ஏறக்கூடிய பாதை. இந்த மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது.

மண்சரிவைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மழை வரும்போதெல்லாம் லயத்துச் சனத்தைப் பாடசாலை மண்டபத்துக்கு ஏற்றி இறக்குவது வழக்கமாகிவிட்டது. அபாயமுள்ள லயம் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன பிறகும், வேறு காணி இல்லாததால் மழை விட்டதும் அதே காம்பராவுக்குத் திரும்புகிறார்கள். காணிக்குக் கொழும்பும் கம்பனியும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் மாகாண வீதியின் வடிகால், பாடசாலையின் பின்மேடு, இடம்பெயர்ந்த சனம் தங்கும் மண்டபத்தின் மலசலகூடம் இவை மாகாணத்தின் பொறுப்புகள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுந்து எடுப்பது பெண்கள். சந்தா கட்டுபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பிள்ளை காம்பராவில் என்ன குறை, பீலியில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், மலையில் மலசலகூடம் இல்லாமல் நாள் முழுக்க நிற்பது என்ன பாடு என்று தெரிந்தவர்கள் அவர்கள். மேடையில் மட்டும் ஆண்களின் வரிசை. பெண்களுக்கு இடம் கொடுக்கவென்று வந்த சட்டமூலமே கடைசியில் சபையை மூடியது என்றால், சபை திறக்கும் நாளில் பட்டியலில் தோட்டத்துப் பெண்கள் இருக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நம் மாதர் தலைவிகள்தான். வெல்லக்கூடிய இடத்தில் இருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். பட்டியலை நிரப்பப் பெயர் போடுவது வேறு.

மாகாணம் திறக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து பிரதேச சபைகள் இயங்குகின்றன. பழைய நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிந்ததால் நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்று சபைகள் பக்கத்தில் வந்திருக்கின்றன. முன்பு தோட்டப் பாதையில் ஒரு கூடை கல் போடவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தோட்டம் கம்பனிக் காணி, சபைப் பணம் அங்கே செலவாகக் கூடாது என்றார்கள். நாமும் வரி கட்டுகிறோம், வாக்குப் போடுகிறோம், விளக்கு மட்டும் கிராமத்து எல்லையோடு நின்றுவிடும். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாக்கு இல்லை. இன்னும் அதே சாக்கைச் சொல்லும் உறுப்பினர் யாராவது இருந்தால், திருத்தத்தின் தமிழ்ப் பிரதியைக் காட்டுங்கள். மாவட்டக் காரியாலயங்களில் கேட்டு வாங்கலாம். பிரதேச சபைக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய் அமர்ந்து பார்க்கலாம். வருட இறுதியில் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும். அன்றைக்கு ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக, அரைப்பேர் போனாலும் பரவாயில்லை என்று போய் அமர்ந்து பாருங்கள். நம் உறுப்பினர் எத்தனை தரம் எழுந்தார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, ஒப்பந்தகாரர் யார் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டியது அவர்கள் கடமை. இதே சட்டத்தை வைத்து மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் ஆசிரிய வெற்றிடங்களைக் கேட்கலாம். அந்த இலக்கங்கள் கையில் இருந்தால்தான், நாளை வேட்பாளர் வரும்போது பேச்சு தேருக்கும் தகரத்துக்கும் போகாமல் இருக்கும்.

ஆகவே கிளைத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் கேட்டுக்கொள்வது இது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்தத் தலையங்கத்தை வாசித்து, உங்கள் தோட்டத்துப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை மாதமாக இல்லை என்று அதிபரிடம் கேட்டுக் குறியுங்கள். டிஸ்பென்சரி யாரிடம் இருக்கிறது, மருத்துவமாது கடைசியாக எப்போது வந்தார், அம்புலன்ஸ் எந்தச் சந்திவரை வரும் என்பதையும் எழுதுங்கள். மாகாண சபைத் தேர்தலைப் பழைய விகிதாசார முறையில் நடத்தக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றி, கையொப்பங்களோடு மாவட்டக் காரியாலயத்தில் ஒப்படையுங்கள். அவற்றைத் தொகுத்து நம் மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும், ஆளும் கட்சி எதிர்க்கட்சி என்று பாராமல், ஒரே கடிதமாக அனுப்பப் போகிறோம். எந்த உறுப்பினர் என்ன பதில் எழுதினார், யார் பதிலே எழுதவில்லை என்பது அடுத்தடுத்த இதழ்களில் பெயரோடு வரும்.

கிளைச் செய்தி எழுதும் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி ஒரு நிகழ்வுக்கு உறுப்பினர் வந்தால் அவர் வந்ததை எழுதுங்கள். கூட்டம் கலையுமுன் அவரிடம் நம் ஆட்கள் என்ன கேட்டார்கள், அவர் எந்தத் திகதிக்குள் என்ன செய்வதாகச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படத்துக்கு இடம் போதாவிட்டால் படத்தை விட்டுவிடலாம்.